ஒன்றுக்கு நேரே ஒன்று

பிப்ரவரி 3

என் ஒயர்மேனுக்கு,

இங்கே நானும் நம் சுட்டி வாலுவும் சுகம். உங்கள் சுகத்தை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் கிடைக்கிற பத்து நிமிடத்தில் ஒன்பதை உங்கள் மகள் பிடுங்கிக்கொள்கிறாள். மிச்சமிருக்கும் ஒரு நிமிடத்தில் நீங்கள் "நல்லாருக்கேன், நீ எப்படி இருக்க?" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். போனில் பொய் சொல்வது சுலபம். எழுத உட்கார்ந்தால் கொஞ்சமாவது உண்மை வந்துவிடும்.

நீங்கள் விமானம் ஏறிப் பதினோரு நாள் ஆகிறது. பயிற்சி நிலையத்தில் இன்னும் அந்தப் பேச்சுதான். இத்தனை வருடமாக நம் பிள்ளைகள் படித்து முடித்து, சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, கடையில் பொட்டலம் கட்டப் போனார்கள். இப்போது இரண்டு அரசாங்கமும் கைகுலுக்கி, இங்கே படித்த படிப்பு அங்கேயும் செல்லும், மறுதேர்வு கிடையாது என்று கையெழுத்துப் போட்டு, முதல் பன்னிரண்டு பேர் போயும் விட்டீர்கள். எங்கள் பியூன்கூட நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார்.

ஃபியூஸ் எப்படி இருக்கிறான்? செய்முறைத் தேர்வில் மூன்று தடவை கட்டடத்தையே இருட்டாக்கிவிட்டு, கடைசியில் பரிதாபப்பட்டு மூன்றாம் நிலை கொடுத்துப் பாஸ் போட்டு அனுப்பிய ஆள். அவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கென்ன, முதல் நிலை! மேல்படியில் இருப்பவர்கள் ஆறு மாதம் முடிந்ததும் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நான் ஜூலை வரைக்கும் காலண்டரைக் கிழித்து வைத்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பதில் வரும் வரை தினமும் தபால்காரரை முறைத்துக்கொண்டு இருப்பேன்.

உங்கள் ஆபீஸ்காரி

மார்ச் 8

என் ஆபீஸ் மேடத்துக்கு,

நான் சுகம். நீயும் வாலுவும் அங்கே சுகமாக இருந்தால் எனக்கு அது போதும். தபால்காரரைப் பாவம், விட்டுவிடு. தாமதம் என்னுடையது.

ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. காலையில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அறையில் நாலு பேர். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். அதில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதை யாராவது அடைக்க மாட்டார்களா என்று தினமும் நினைக்கிறேன்.

ஃபியூஸைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். அவன் ஓகோவென்று இருக்கிறான்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இவர்கள் நிலைக்கும் நம் நிலைக்கும் ஈடு காட்டி ஓர் அட்டவணை இருக்கிறதே, ஒப்பந்தத்தோடு சேர்த்து அனுப்பியது, அதை உங்கள் ஆபீஸில் யார் தயார் செய்தார்கள்? சும்மாதான் கேட்கிறேன். இங்கே சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

வாலுவுக்கு விழுந்த பல்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல். வந்து பார்க்கிறேன்.

உன் ஒயர்மேன்

மார்ச் 27

என் ஒயர்மேனுக்கு,

சுகம், சுகம். உங்கள் கடிதத்தை வாலு மூன்று தடவை படிக்க வைத்தாள். பல்லை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள்.

அந்த அட்டவணையா? நானேதான்! அவர்கள் அனுப்பிய படிவத்தில் இடது பக்கம் அவர்களுடைய ஒன்று, இரண்டு, மூன்று இருந்தது. வலது பக்கம் காலி. "நம்மளோடத நிரப்பிக் கொடும்மா, நாளைக்கே போகணும்" என்று பிரின்சிபால் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவர்கள் ஒன்றுக்கு நேரே நம் முதல் நிலை, இரண்டுக்கு நேரே இரண்டாம் நிலை, மூன்றுக்கு நேரே மூன்றாம் நிலை என்று ஒரு பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். அதில் பிரின்சிபால், இயக்குநர், அதற்கும் மேலே ஒருவர் என்று மூன்று பேர் கையெழுத்து. என் எழுத்து அயல்நாட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறதா! இங்கே ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். தலைகால் புரியவில்லை.

பேச்சில் இன்னொரு நல்ல செய்தியும் அடிபடுகிறது. இந்தத் திட்டம் நன்றாக ஓடினால் என் ஒப்பந்த வேலையை நிரந்தரம் ஆக்குவார்களாம். ஏழு வருடம் கழித்து!

உடனே பதில் எழுதுங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று இதுவரை ஒரு வரி எழுதவில்லை.

உங்கள் ஆபீஸ்காரி

மே 12

என் ஆபீஸ் மேடத்துக்கு,

நலமாக இருக்கிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எழுத நாலைந்து தடவை உட்கார்ந்தேன்.

அட்டவணை நன்றாகத்தான் அடித்திருக்கிறாய். கோடெல்லாம் நேராக இருக்கிறது. தலைப்புக்குக் கீழே நீ எப்போதும் போடுகிற சின்ன நட்சத்திரம்கூட இருக்கிறது. மதியச் சாப்பாட்டு வேளையில் அதற்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

வேலை வழக்கமான ஒயரிங் வேலைதான், அதில் எழுத என்ன இருக்கிறது? வெயில் ஏறிவிட்டது. வாலு வரைந்து அனுப்பிய படத்தைக் கட்டில் மேலே ஒட்டியிருக்கிறேன். அதில் எனக்கு ஏன் ஆறு விரல்?

உன் நிரந்தரச் செய்தி கேட்டுச் சந்தோஷம். அதை எப்படியாவது பிடித்துக்கொள். நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் ஒயர்மேன்

ஜூலை 30

என் ஒயர்மேனுக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

ஃபியூஸ் வீட்டுக்காரிக்கு அனுமதி வந்துவிட்டது. அடுத்த வாரம் புறப்படுகிறாள். நேற்று வந்து பெட்டியைக் காட்டினாள். பெட்டி முழுக்கத் துணி, நடுவில் ஒரு தலையணை. "அவருக்கு அந்தத் தலையணை இல்லாம தூக்கம் வராதுக்கா" என்கிறாள். சிரித்தேன். அவள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அழுதேன், மறைப்பானேன்.

உங்களுக்கும் ஆறு மாதம் முடிந்து ஏழு நாள் ஆகிறது. நம் தாள் எங்கே? தட்டுத்தடுமாறித் தேறியவனுக்கு முதலில் வந்து உங்களுக்கு வராமல் இருக்குமா? நான் வாலுவின் பள்ளியில் மாற்றுச் சான்றிதழுக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டேன். டீச்சர் தினமும் "எப்போம்மா?" என்கிறார். வாலுவுக்கு அப்பா வாசனை மறந்துவிட்டதாம். உங்கள் பழைய சட்டையைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது அலமாரி வாசனை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் ஆபீஸ்காரி

ஆகஸ்ட் 14

என் ஆபீஸ் மேடத்துக்கு,

சுகமே. அழாதே.

விண்ணப்பம் போயிருக்கிறது. ஏதோ ஒரு முத்திரை விட்டுப்போய்த் திரும்பி வந்து, மறுபடி போயிருக்கிறது. இங்கே எல்லாம் வரிசைப்படிதான். ஃபியூஸுக்கு அதிர்ஷ்டம், நமக்குக் கொஞ்சம் மெதுவாக வரும். பள்ளியில் சான்றிதழ் இப்போது வாங்க வேண்டாம்.

வேறு ஒன்றும் விசேஷமில்லை.

உன் ஒயர்மேன்

செப்டம்பர் 1

நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் நீங்கள் உண்மை சொல்லப்போவதில்லை.

ஃபியூஸ் வீட்டுக்காரி அங்கிருந்து எனக்குக் கடிதம் போட்டிருக்கிறாள். வெள்ளை மனசு, ஒளிக்கத் தெரியாது. அவள் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன்:

"அக்கா, அண்ணன் போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தாங்க. பாவம்க்கா, ஒயர் போறதுக்குச் சுவரை வெட்டி வெட்டிக் கையெல்லாம் காய்ச்சுப் போயிருக்கு. இவர்தான் சூப்பர்வைசர்ங்கிறதால, அண்ணனை வேற யாருகிட்டயும் விடாம தன் கீழயே எடுபிடியா வெச்சுக்கிட்டாராம். நீங்க கவலைப்படாதீங்க, இவர் அண்ணனை ஒரு சொல்லு சொல்ல மாட்டாரு."

படித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு இரண்டாவது தடவை படித்தேன். பத்து வருடம் ஒயரிங் செய்தவர், வகுப்பில் வாத்தியாருக்கே திருத்தம் சொன்னவர், ஃபியூஸுக்கு எடுபிடி! ஏழு மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறீர்கள். நான் யார் உங்களுக்கு? அங்கே என்னதான் நடந்தது? குடித்தீர்களா, சண்டை போட்டீர்களா, எதற்கு இந்தத் தண்டனை?

ஆபீஸ்காரி

செப்டம்பர் 15

என் மேடத்துக்கு,

கோபத்திலும் கடிதம் போட்டாயே, அதற்கு நன்றி.

குடிக்கவில்லை. சண்டையும் இல்லை. இந்த நாட்டில் ஒன்று என்றால் அடிப்படி. ஏற ஏற இரண்டு, மூன்று என்று போகும். என் காகிதத்தில் ஒன்று என்று இருக்கிறது, அதனால் சுவர் வெட்டுகிறேன். ஃபியூஸ் காகிதத்தில் மூன்று. நாங்கள் முதல் நிலைக்காரர்கள் ஐந்து பேர் போய்ச் சொல்லிப் பார்த்தோம். "எல்லாரும் தனக்கு எல்லாம் தெரியும்னுதான் சொல்வாங்க, பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான்" என்றார்கள். கீழ்ப்படிக்காரர்கள் குடும்பத்தை அழைக்க முடியாது. விண்ணப்பம் என்று நான் சொன்னதெல்லாம் பொய். என்னை மன்னித்துவிடு.

இது யார் தப்பும் இல்லை. நீ இதைத் துருவிக்கொண்டிருக்காதே. ஃபியூஸும் நானும் சமாளித்துக்கொள்கிறோம். எந்தக் கம்பி எங்கே என்று சாப்பாட்டு வேளையில் அவன் காதில் ஓதிவிடுவேன். கையெழுத்து அவனுடையது, மூளை என்னுடையது. அவன் ஒரு நாள் என் காலில் விழப்போய்விட்டான். நல்ல பயல்.

இரண்டு வருடம் முடிந்தால் திரும்பி வந்துவிடலாம். எனக்கு ஒரே ஓர் உதவி செய். இதை உன் ஆபீஸில் யாரிடமும் பேசாதே.

உன் ஒயர்மேன்

அக்டோபர் 20

என் மேடத்துக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனையும் வாலுவிடமே கொடுத்துவிடுகிறாய். திட்டியாவது எழுது.

ஒரு கெட்ட செய்தி. போன வியாழக்கிழமை என்னை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டு ஃபியூஸைத் தனியாக வேறு கட்டடத்துக்குக் கூட்டிப்போனார்கள், மெயின் சுவிட்ச் பலகை இணைக்க. இரண்டு மெயினில் தப்பானதை அணைத்திருக்கிறான். வலது கை மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. புருவம் இல்லை. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், "அண்ணே, நீங்க பக்கத்துல இல்லையே" என்றான்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. எழுது.

ஒயர்மேன்

நவம்பர் 2

என் ஒயர்மேனுக்கு,

நான் சுகமில்லை. நீங்களும் சுகமில்லை என்று தெரியும். இந்தத் தடவை அதை விட்டுவிடலாம்.

செப்டம்பரில் உங்கள் கடிதம் வந்த மறுநாளே அந்த அட்டவணைக் கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டேன். "யார் தப்பும் இல்லை" என்று எழுதினீர்களே, அதிலேயே புரிந்துவிட்டது. நீங்கள் அப்படி எழுதுவது நான் எதையாவது உடைத்தால்தான். அவர்கள் படிவத்தில் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: ஒன்று தொடக்க நிலை, மூன்று உயர்நிலை என்று. நான் அதைப் படிக்கவில்லை. ஒன்றைப் பார்த்ததும் நம் வழக்கப்படி முதல் என்று கை தானாக அடித்துவிட்டது. கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் படிக்கவில்லை. ஆனால் அடித்தது நான். நன்றாகப் படித்தவர்களை எல்லாம் அடியில் தள்ளி, படிக்காதவனை உச்சியில் உட்கார வைத்தது நான்.

உங்களுக்கு மார்ச் மாதமே தெரியும். சுவரில் என் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் "சும்மாதான் கேட்கிறேன்" என்று கேட்டீர்கள். நான் துள்ளிக் குதித்து நானேதான் என்று எழுதினேன். அதற்குப் பிறகு நீங்கள் வாயே திறக்கவில்லை. என் வேலை போய்விடும் என்றுதானே? என் தப்புக்கு எதிரே உட்கார்ந்து தினமும் சாப்பிட்டிருக்கிறீர்கள். உங்களை அடிக்கலாம் போல இருக்கிறது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருக்கிறது. இரண்டுக்கும் நீங்கள் பக்கத்தில் இல்லை.

இதைக் கேளுங்கள். கோப்பைப் பார்த்த பிறகும் ஐந்து வாரம் நான் சும்மா இருந்தேன். வேலை பயம் ஒரு பக்கம். தலையணையோடு போய் இறங்கியவளைத் திரும்ப வரவைப்பது எப்படி என்பது ஒரு பக்கம். தினமும் கோப்பை எடுப்பேன், வைப்பேன். அந்த ஐந்து வாரத்துக்குள்தான் ஃபியூஸ் கை வெந்தது. இதை நான் யாரிடம் சொல்லி ஆறுவேன்?

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே பிரின்சிபால் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "அப்படியே விடும்மா. அடுத்த பேட்ச்சுக்குச் சத்தமில்லாம மாத்திக்கலாம். வெல்டிங், பிளம்பிங் அட்டவணை எல்லாம் இன்னும் போகலைல்ல?" என்றார். "போனவங்க, சார்?" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த கோப்பைத் திறந்தார்.

வெளியே வந்து அந்த நாட்டுப் பயிற்சி அதிகாரிக்கு நேராக எழுதிவிட்டேன். தப்பு இன்னது, அடித்தது நான் என்று கீழே கையெழுத்தும் போட்டேன். கூடவே ஒரு யோசனையும் சொன்னேன். எண்ணே வேண்டாம், ஒவ்வொருவர் கைக்கும் என்ன தெரியும் என்று வாக்கியமாக எழுதுங்கள் என்று.

இனி நடப்பது நடக்கட்டும்.

உங்கள் ஆபீஸ்காரி

டிசம்பர் 12

என் மேடத்துக்கு,

சுகம். இந்தத் தடவை சத்தியமாகச் சுகம்.

அதிகாரி அம்மா நேரில் வந்து, உன் கடிதத்தைப் பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்துப் படித்தார். மொழிபெயர்ப்பவர் உன் வரிக்கு வரும்போதெல்லாம் பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு ஃபியூஸைத் தவிர எல்லாருக்கும் செய்முறைத் தேர்வு. எனக்கு மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். ஒன்றரை மணியில் முடித்துவிட்டு, அவர்கள் பலகையில் இருந்த ஒரு பழைய கோளாறையும் காட்டிவிட்டு வந்தேன். உன் யோசனைப்படி எண்ணை எடுத்துவிட்டார்கள். என் புதுச் சான்றிதழில் "மின்சாரத்தை அணைத்து, சோதித்து, தனியாகப் பலகை இணைக்கத் தெரியும், பிறரை மேற்பார்வையிடத் தெரியும்" என்று இருக்கிறது. இதை எழுதும்போது கண் கலங்குகிறது, சிரிக்காதே.

குடும்பத்துக்கான ஆறு மாதம் இந்தப் புதுச் சான்றிதழ் தேதியிலிருந்துதானாம். டிசம்பர் பத்து. ஆக, ஜூன் பத்து. எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம், ஏற்கனவே கழிந்த மாதங்களைச் சேர்க்க மாட்டார்கள்.

ஃபியூஸைத் திருப்பி அனுப்பவில்லை. கை ஆறியதும் ஒரு வருடம் இங்கேயே வகுப்பில் உட்கார வைத்து, முதலிலிருந்து சொல்லிக் கொடுக்கப்போகிறார்கள். கையில் கட்டோடு மூன்றாவது மாடி வீட்டில் படுத்திருக்கிறான். "இந்தத் தடவை நெசமாவே படிக்கிறேண்ணே" என்கிறான். ஆனால் மாணவனுக்குக் குடும்ப அனுமதி கிடையாது. அவன் வீட்டுக்காரி இந்த மாதக் கடைசியில் புறப்படுகிறாள். விமான நிலையத்துக்குப் பஸ் ஏற்றிவிட நான் போவேன்.

உன் வேலை என்ன ஆயிற்று என்று எழுதவே இல்லையே?

உன் ஒயர்மேன்

ஜனவரி 6

என் ஒயர்மேனுக்கு,

இங்கே இருவரும் சுகம். வாலுவுக்கு முன்பல் முளைத்துவிட்டது.

என் வேலை டிசம்பரோடு முடிந்தது. நிரந்தரம் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. கடைசி நாள் வெல்டிங் அட்டவணையையும் பிளம்பிங் அட்டவணையையும் வாக்கியமாக மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். பிரின்சிபால் வாசல் வரை வந்தார். வருத்தம் இருக்கிறது. இல்லை என்றால் நம்ப மாட்டீர்கள்.

நேற்று சாயங்காலம் ஃபியூஸ் வீட்டுக்காரி வந்தாள். கதவைத் திறந்ததும் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவுசெய்து வைத்திருந்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். வாலு தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்கதான் எழுதிப் போட்டீங்கன்னு அவரு சொன்னாருக்கா."

"ஆமாம்மா" என்றேன்.

"அவரும் அதான் சரிங்கிறாரு. இன்னொரு தடவை அந்தப் பலகைகிட்ட விட்டிருந்தா செத்திருப்பேன்னு சொன்னாரு." முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆனா அஞ்சு மாசம்தான்க்கா கூட இருந்தேன்" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் வேலை பார்க்கிற இடத்தைப் பற்றிச் சொன்னாள், உங்கள் ஜன்னலைப் பற்றிச் சொன்னாள், நீங்கள் இளைத்துவிட்டதாகச் சொன்னாள். நான் ஒரு வருடமாகப் பார்க்காத முகத்தை அவள் பத்து நாளுக்கு முன்பு பார்த்திருக்கிறாள். இன்னும் சொல், இன்னும் சொல் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கும் வெட்கமாக இருந்தது.

பிறகு அவள் கேட்டாள், "நீங்க எப்பக்கா கிளம்புறீங்க?"

காலண்டரில் ஜூன் பத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். அது அவள் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. இருந்தும், "இன்னும் தேதி ஒண்ணும் வரலைம்மா" என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசற்படியில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஜூன்ல போறப்ப அவருக்கு நாலு சட்டை தைச்சுத் தரேன்க்கா. தலைவழியா மாட்டுற மாதிரி. அந்தக் கையால பட்டன் போட வரலை, என்னைத்தான் போட்டுவிடச் சொல்வாரு. எடுத்துட்டுப் போவீங்கல்ல?"

உங்கள் ஆபீஸ்காரி